இரண்டாம் நாற்காலிக்காரரின் இசைத்தட்டு

என் வீட்டுக்காரரை ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லாரும் ‘ரெண்டாமவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். ஹார்ன் வாசிக்கிறவர்கள் வரிசையில் அவருக்கு இரண்டாவது நாற்காலி. ஹார்ன் என்றால் வண்டியில் அடிக்கிறது இல்லை. பித்தளைக் குழாயை வட்டமாகச் சுருட்டி, ஒரு முனையில் வாயும் மறு முனையில் கையும் வைத்து ஊதுகிற வாத்தியம். நிமிர்த்தி நீட்டினால் கூடத்தைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போகும் என்று பெருமையாகச் சொல்வார். நீட்டிக் காட்டுங்கள் என்று நான் கேட்டதில்லை. ஏற்கெனவே வீட்டில் இடமில்லை.

முதல் நாற்காலிக்காரருக்கு மேல் ஸ்தாயி, தனி வாசிப்பு, கைதட்டல், பூங்கொத்து. இரண்டாம் நாற்காலிக்காரருக்குக் கீழ் ஸ்தாயி. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. நீளமான இடங்களில் முதலாமவருக்கு மூச்சு முட்டும். அப்போது தோளை லேசாகத் தூக்குவார். உடனே இவர் அந்தச் சுரத்தைச் சத்தம் காட்டாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பி வந்ததும், அதே மாதிரி சத்தம் காட்டாமல் கொடுத்துவிட வேண்டும். கேட்கிறவர்கள், “அடேயப்பா, என்ன நுரையீரல்!” என்று முதலாமவரைப் பாராட்டுவார்கள். இவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த முதலாமவரைப் ‘பெரியவர்’ என்பார்கள். இவரைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். மீசை மட்டும் பத்து வயது கூட. இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரு வாய் நன்றி சொன்னதில்லை. நான் குத்திக்காட்டினால் இவர் சொல்வார்: “அதுக்கெல்லாம் யாராவது நன்றி சொல்வாங்களாம்மா? கதவு போய்க் கீலுக்கு நன்றி சொல்லுமா?”

கீல் வீட்டுக்கு வந்தும் கீலாகவே இருந்ததுதான் என் பிரச்சினை. கல்யாணப் போட்டோவில் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராவோடு ஹோட்டலுக்குப் போனால், பரிமாறுகிறவர் இவர் முன்னால் வந்து நின்று என்ன வேண்டும் என்று கேட்பார். இவர் வாயே திறக்க மாட்டார். பெரியவர் அந்தக் கோடியில் உட்கார்ந்து அட்டையை மேலும் கீழும் படித்து, ஒரு முடிவுக்கு வந்து சொன்ன பிறகு, “எனக்கும் அதே” என்பார். பெரியவருக்குப் பிடித்த காரம் இவருக்கு ஒத்துக்கொள்ளாது. இருந்தாலும் அதே.

நான் குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கிற தொலைபேசியில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, இந்த இரண்டையும் நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. ஊரெல்லாம் கத்துவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு வித்தை கைவந்துவிட்டது. எதிர்முனையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, இழுக்கிற மூச்சை வைத்து அவருக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரரின் மூச்சைக் கேட்கவே வேண்டாம். என் துணி அலமாரிக்குள் ஹார்னின் வாயை நுழைத்து, சத்தம் வெளியே போகாமல் தினம் சாதகம் செய்கிற மனிதர் அவர். உதட்டோரத்தில் ‘ச்சிக்’ என்று ஒரு மூச்சு எடுப்பார். கூட்டத்தில் ஆயிரம் பேர் மூச்சு விட்டாலும் அதை நான் கண்டுபிடிப்பேன்.

இப்படிப்பட்டவரைத் தேடிக்கொண்டு ஒரு நாள் ஒரு ரெக்கார்டு கம்பெனி வீட்டுக்கே வந்தது. கம்பெனி என்றால் ஒரு பெண்ணும் அவளுடைய பழைய காரும்தான். கார் முழுக்க மைக்கும் ஒயரும். அவள் சொன்ன கதை இது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் அரண்மனையில் ஹார்ன் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர், தனக்கென்று நாலு கன்செர்ட்டோ எழுதினாராம். கன்செர்ட்டோ என்றால், ஒரு வாத்தியம் முன்னால் நின்று பேச, மற்றதெல்லாம் பின்னால் உட்கார்ந்து “ஆமாம்”, “அப்படியா”, “அப்புறம்?” என்று ஒத்துப் பாடுவது. மூன்றை எழுதி முடித்துவிட்டார். நாலாவது, கடைசிப் பகுதியில் பாதி வரியில் நின்றுவிட்டது. நாலையும் சேர்த்து ரெக்கார்டு போட வேண்டும்.

“எல்லாம் கீழ் ஸ்தாயிலயே குதிச்சுக் குதிச்சுப் போகுது சார். எழுதினவரும் ரெண்டாவது நாற்காலிதான். உங்களை விட்டா இதுக்கு ஆள் இல்ல” என்றாள்.

இவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் அலமாரிதான் இருந்தது.

அவள் போன பிறகு இவர் கேட்ட முதல் கேள்வி: “பெரியவர் ஏதாவது நெனச்சுக்குவாராம்மா?” காரணம் இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி இந்தச் சங்கீதத்தில் முன்னால் நிற்கிற ஹார்ன் போக, ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளேயும் இரண்டு ஹார்ன் உண்டு. பெரியவர் அங்கே உட்கார்ந்து இவருக்கு ஒத்துப் பாட வேண்டும். வரமாட்டார் என்று ஆர்க்கெஸ்ட்ராவே பேசிக்கொண்டது. அவரோ, “சரி” என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டுவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெரிய பயம் வேறு ஒன்று. இவருடைய மேல் வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. ஹார்ன்காரருக்கு முன்பல்தான் அஸ்திவாரம். உதட்டை அதன்மேல் அழுத்தித்தான் ஊத வேண்டும். பல் டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “எடுத்தே ஆகணும். இப்பவே கொஞ்சம் லேட்டு” என்றார். எடுத்த பிறகு பழையபடி வாசிக்க முடியுமா என்று கேட்டோம். “வேற பல்லு கட்டிக்கலாம். கீழ வாசிக்கிறது வரலாம். மேல போறது எனக்குச் சொல்லத் தெரியல” என்றார். ரெக்கார்டு முடிகிற வரைக்கும் என்று தவணை வாங்கிக்கொண்டு வந்தோம். வாழ்க்கையில் ஒரு தடவை முன்னால் நிற்கப் போகிறார், அதுவும் ஆடுகிற ஒரு பல்லின் தயவில். வீட்டில் அந்தப் பல்லுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. சோற்றைக் குழைத்தேன், காயை மசித்தேன், ரொட்டியைப் பாலில் ஊறவைத்தேன். வலிக்கிறது என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்லவும் வழியில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் நடுவில் வந்து நின்றார் என் அண்ணன்.

அண்ணன் இசைக் கல்லூரியில் ஆசிரியர். படித்தவர், நல்லவர், ஆனால் எதையும் முடிக்காதவர். என் சமையலறையில் நாலு தட்டு அலமாரி அடித்துத் தருகிறேன் என்று வந்து, இரண்டு தட்டோடு, “இதோ வந்துடறேன்” என்று போனார். அப்போது பிறந்த அவர் மகள் இப்போது கார் ஓட்டுகிறாள். ஆராய்ச்சிப் பட்டம், பின்பக்கச் சுவர், குளியலறை ஓடு, எல்லாமே பாதியில். இந்த ரெக்கார்டுக்காக அந்த நாலாவது கன்செர்ட்டோவை மட்டும் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டார். அண்ணி சொல்வாள்: “இந்த மனுஷன் முடிச்ச ஒரே காரியம், செத்துப் போனவரோடது.”

முடித்தது சரி. முடித்த விதத்தில்தான் சண்டை. பழைய கையெழுத்துப் பிரதியில் இசை நின்றுபோன இடத்தில், கடைசிச் சுரத்தின் மேல் ஒரு வளைகோடு தொடங்கித் தாளின் ஓரம் வரைக்கும் ஓடி விழுந்திருந்தது. வளைகோடு போட்டால் நடுவில் நிறுத்தாமல் வாசி என்று அர்த்தம். ஆகவே அந்த மகான் முடிவு முழுவதையும் ஒரே மூச்சில் நினைத்திருக்கிறார் என்று அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். கடைசிப் பக்கம் முழுக்க மூச்சு விட இடமே வைக்காமல் எழுதினார்: ஒரு நீண்ட ஓட்டம், அதன் தலையில் இன்னும் நீண்ட ஒரு மேல் சுரம், அங்கிருந்து அப்படியே பாதாளத்துக்கு ஒரு தாவல். அந்தக் கோட்டைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அவர் மனைவி உள்ளேயிருந்து “ஏங்க!” என்று கூப்பிட்டிருப்பாள், பேனா வழுக்கியிருக்கும். என்னை யார் கேட்கிறார்கள்?

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு. நான் மனுஷன், தண்ணி மோட்டார் இல்ல” என்றார் இவர். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். தூது போவது என் வேலை ஆயிற்று. அலுவலகத்திலும் புகார், வீட்டிலும் புகார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மாப்பிள்ளைகிட்ட சொல்லு. பிரதியில மூச்சு விடறதுக்கு ஒரு அடையாளமும் இல்ல” என்றார்.

நான் இங்கே வந்து சொன்னேன். “அதான் அந்த மனுஷன் முடிக்காமலே போய்ச் சேர்ந்துட்டாரு போல” என்றார் இவர்.

அதையும் அங்கே போய்ச் சொன்னேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏம்மா, என் வாழ்க்கைல நான் முடிச்சது இது ஒண்ணுதான். இதையும் அரைகுறையா விடச் சொல்றாரா உன் வீட்டுக்காரர்?” என்றார். திரும்பி வந்து இவரிடம், “ஒண்ணும் சொல்லல” என்றேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அன்றையிலிருந்து அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரே மூச்சில் வாசிக்கப் பழக ஆரம்பித்தார். பல் வலி இல்லாத நாளில் பத்துக்கு ஒரு தடவை வந்தது.

ஒலிப்பதிவு ஒரு கல்லூரியின் பரீட்சை மண்டபத்தில் நடந்தது. விடுமுறை என்பதால் மூன்று நாளைக்குக் கொடுத்திருந்தார்கள்; அதற்கப்புறம் பெயின்ட் அடிக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். மேசைகளையெல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு, நடுவில் ஆர்க்கெஸ்ட்ரா. நடத்துகிறவர் குச்சியோடு முன்னால்; அவருக்குப் பக்கத்தில் இவர்; கடைசி வரிசையில் மீசையை நீவிக்கொண்டு பெரியவர். துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைக்குள் அந்தப் பெண் தன் இயந்திரங்களோடு உட்கார்ந்துகொண்டாள், பக்கத்தில் அண்ணன். மண்டபத்தில் ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் யாரும் அசையக் கூடாது. என்னைச் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கைப்பையின் ஜிப்பைத் திறக்கக் கூடாது என்று தனியாக எச்சரித்தார்கள்.

முதல் கன்செர்ட்டோவை இவர் வாசித்ததைக் கேட்டு நானே அசந்துபோனேன். அலமாரிக்குள்ளேயே கேட்ட சத்தம் வெளியே வந்தால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசிச் சுரம் முடிந்து, அதன் நாதம் கூரை வரைக்கும் போய்க் கரைந்துகொண்டிருந்தது. கரைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இவர் வாயிலிருந்து ஹார்னை எடுத்து, “அப்பாடா!” என்றார்.

வாளி அறையின் ஒலிபெருக்கியிலிருந்து அந்தப் பெண், “சார், முடிவு மட்டும் இன்னொரு தடவை. அப்பாடா இல்லாம” என்றாள்.

இன்னொரு தடவையும் அப்பாடா. இரண்டாமவராக இருந்தவருக்கு முடிவுக்குப் பின்னால் வருகிற மௌனம் தன்னுடையது என்றே தெரியாது. எப்போதும் கைதட்டலில் அது அமுங்கிப்போகும். கடைசியில் நோட்டு ஸ்டாண்டில் ‘வாயை மூடு’ என்று பெரிதாக எழுதி ஒட்டினார்கள். இரண்டாவது நாள் முடியும்போது மூன்று கன்செர்ட்டோவும் ஆகிவிட்டிருந்தது. இவர் உதடு வீங்கியிருந்தது. இரவு மசித்த உருளைக்கிழங்கைக்கூடத் தொடாமல், பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நாலாவது. அந்த அரண்மனைக்காரர் எழுதின இடம் வரைக்கும் நன்றாகவே போயிற்று. அண்ணனின் பக்கம் வந்ததும், அந்த நீண்ட மேல் சுரத்தின் நடுவில் சத்தம் உடைந்தது. இரண்டாம் தடவையும் உடைந்தது. மூன்றாம் தடவை இவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபோது துணியில் சிவப்பு தெரிந்தது.

“சார், ரெண்டு டேக்கை எடுத்து ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது” என்றாள் அந்தப் பெண்.

“எனக்குத் தெரியும்மா” என்று அண்ணன் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஆர்க்கெஸ்ட்ரா முழுக்க இவரைப் பார்த்தது. ஒட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. மச்சானைப் பார்க்காமலே, வாளி அறை இருந்த பக்கம் பார்த்து, “இன்னொரு தடவை” என்றார். இதுதான் கடைசி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பல் இன்னொன்றைத் தாங்காது.

சிவப்பு பல்பு எரிந்தது. ஓட்டம் முடிந்து அந்த மேல் சுரம் தொடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது. பாதி வந்திருக்கும், சத்தம் நடுங்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போது இவருடைய தோள் லேசாக மேலே எழும்பியது. வாழ்நாளில் இவர் செய்யாத சைகை. பார்த்துப் பார்த்தே பழகின சைகை. பின்னால் பெரியவருக்கு அந்த இடத்தில் வாசிக்க ஒன்றுமே இல்லை, ஹார்னை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஹார்ன் அவர் வாயில் இருந்தது.

சுரம் தடிக்கவில்லை, மெலியவில்லை. அதற்கடியில் உதட்டோரத்தில் ஒரு ‘ச்சிக்’. எனக்குக் கேட்டது. இவர் திரும்பி வந்து சுரத்தை வாங்கிக்கொண்டார்; பெரியவர் விட்டுவிட்டார். அங்கிருந்து பாதாளத்துக்கு ஒரே தாவல், வழுக்காமல் போய் நின்றார். ஆர்க்கெஸ்ட்ரா முடித்தது. நாதம் கூரைக்குப் போய் மெல்லக் கரைந்தது. எல்லாரும் இவர் வாயையே பார்த்தோம். திறக்கவில்லை. பல்பு அணைந்தது.

“அப்பாடா!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. பெரியவர் ஹார்னைத் திருப்பி, ஊதி ஊதி உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரைப் பரீட்சை மண்டபத்துத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

வாளி அறைக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் ஓடி வந்தார். உள்ளே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. “மாப்பிள்ளை! ஒரே மூச்சு! ஒரே மூச்சு! நான் சொன்னேன்ல!” என்று இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். இவர் அவர் தோளுக்கு மேலே பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கூரையைப் பார்த்தார். அந்தப் பெண் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து மெதுவாக, “பின்னாடி மைக்குல ஹார்ன் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி வந்திருக்கு ஆன்ட்டி. குறைச்சுடறேன்” என்றாள். நான் அப்போதுதான் கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன்.

மறுநாள் பல்லை எடுத்தார்கள். புதுப் பல் கட்டி, புண் ஆறி, பல மாதம் கழித்து இவர் இரண்டாம் நாற்காலிக்குத் திரும்பினார். டாக்டர் சொன்ன மாதிரியே கீழ் ஸ்தாயி வந்தது, மேல் ஸ்தாயி வரவில்லை. ரெக்கார்டு வெளிவந்தது. அட்டையின் முன்பக்கம் இவர் பெயர் பெரிதாக. அதற்குக் கீழே, நாலாவதை முடித்தவர் என்று அண்ணன் பெயர். அண்ணன் யார் வீட்டுக்கு வந்தாலும் அதைப் போட்டுக் காட்டினார். அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தி, “இப்ப பாருங்க, மூச்சே இல்ல!” என்பார். ஒவ்வொரு தடவையும் இவர் ஒரு அங்குலம் குறைந்துபோவார். எனக்கோ அந்தச் ‘ச்சிக்’ தெளிவாகக் கேட்கும். பெருமையாகத்தான் இருக்கும். என்னிடம் கேட்டால், அந்த ரெக்கார்டிலேயே நல்ல இடம் அதுதான்.

ஒரு நாள் இவர் தாங்க முடியாமல், “இது பொய்ம்மா” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். நேராகப் பெரியவர் வீடு.

“அட்டைல உங்க பேரையும் போடச் சொல்றேன். அந்த எடத்துல நீங்கதானே...” என்று இவர் ஆரம்பித்தார்.

“உன் பேரை எந்த அட்டைலயாவது போட்டாங்களா, இத்தனை வருஷமா?” என்றார் பெரியவர்.

பெரியவர் மீசையை நீவிக்கொண்டார்.

“ஒரே ஒரு தடவைதான்யா நான் ரெண்டாவது வேலை பார்த்தேன். அதையாவது ஒழுங்கா பார்க்க விடு.”

இத்தனை வருஷமாக நான் திட்டின திட்டையெல்லாம் அந்த மீசையிடம் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நல்லவேளை, உள்ளேயிருந்து பெரியவரின் மனைவி எட்டிப் பார்த்து, “டீயா, காப்பியா?” என்றார்.

வழக்கம்போல இவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவர் ஜன்னலை விட்டுத் திரும்புவதாக இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உதட்டோரத்தில் ஒரு ‘ச்சிக்’ கேட்டது.

“எனக்கு டீ. சர்க்கரை கம்மியா” என்றார் இவர்.

“எனக்கும் அதே” என்றார் பெரியவர்.